கேட்டு எடுத்த நிப்

கடையை விட்டு நான் வந்துவிட்டேன். கடை என்னை விட்டபாடில்லை. கல்கத்தாவில், கரியாஹாட் முக்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பேனாக் கடை அது. என் இடத்தில் இப்போது நிற்கும் சுதேஷ்ணா, வாடிக்கையாளர்கள் கேட்பதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எனக்குத் தள்ளிவிடுவாள். நாளெல்லாம் தட்டச்சு செய்து அலுத்துப்போனவர்களுக்கு இப்போது மைப் பேனா மேல் திடீர்க் காதல். எல்லோரும் கேட்பது ஒன்றேதான்: தினமும் எழுத ஒரு உலோகப் பேனா வேண்டும், விலை கையைக் கடிக்கக் கூடாது, எதை வாங்கலாம்?

நானும் சளைக்காமல் பதில் போடுவேன். பித்தளை கனம், வியர்வை பட்டால் கோயில் மணியைத் தொட்ட வாசனை விரலில் ஏறும், அது பிடித்தவர்கள் வாங்கலாம். அலுமினியம் லேசு, பையில் போட்டால் கீறல் விழும், விழட்டும். எஃகு இரண்டுக்கும் நடுவில். ஆனால் கழுத்து, அதாவது விரல் பிடிக்கிற இடம், கண்ணாடி மாதிரி பளபளத்தால் வேண்டவே வேண்டாம். இந்த ஊர் வேர்வைக்கு இரண்டு வரியில் வழுக்கிவிடும். மூடியைக் கழற்றிவிட்டு எழுதிப் பாருங்கள், மூடியைப் பின்னால் மாட்டியும் எழுதிப் பாருங்கள். பேனா பின்பக்கமாகச் சாய்ந்தால் அரை மணி நேரத்தில் மணிக்கட்டு கெஞ்சும். நிப் எஃகில் இருந்தால் போதும், தங்கமெல்லாம் மாப்பிள்ளைக்கு.

கடைசியாக ஒன்று சேர்ப்பேன்: புது நிப்தானா என்று கேட்டு வாங்கச் சொல். பழையதைக் கழற்றி மாட்டியிருந்தால் வேண்டாம் என்று சொல்லச் சொல்.

"ஏன் தீதி? பழைய நிப் நல்லாத்தானே எழுதும்?" என்று போன வாரம் சுதேஷ்ணா கேட்டாள். தீதி என்றால் இங்கே அக்கா.

நன்றாகத்தான் எழுதும். அதுதான் விஷயம். வாட்ஸ்அப்பில் சொல்லி முடியாது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பெயர் சண்முகவடிவு. தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கேயே வேர்விட்ட குடும்பம் எங்களுடையது. கல்கத்தாத் தமிழர்களுக்குப் புடவை கட்டிய தமிழ்ப் பெண் யாரானாலும் மாமிதான். நான் மாமி இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்து, கடைசியில் விட்டுவிட்டேன். கடை முதலாளி மல்லிக் பாபுவுக்கு 'வடிவு' வாயில் நுழையாது; கடைசி நாள் வரை 'பாடிபு' என்றே கூப்பிட்டார். அவர் பேசியதெல்லாம் வங்காளியில். இங்கே தமிழில் தருகிறேன்.

வேலை கற்ற வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கழுவினேன், துடைத்தேன், என்னிடமிருந்த புடவை ஒன்று விடாமல் நீலப் புள்ளி வாங்கினேன். தப்புச் செய்தால் மல்லிக் பாபு திட்ட மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். தப்பு எது என்று நானே கண்டுபிடிக்கும்வரை துடைத்துக்கொண்டே இருப்பார். அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

அவரிடம் சில விதிகள் உண்டு. வாடிக்கையாளர் எழுதிப் பார்க்கும்போது நாம் வாயைத் திறக்கக் கூடாது. உலோகப் பேனாவை அப்படியே எடுத்துக் கொடுக்கக் கூடாது. நம் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்திச் சூடாக்கித்தான் கொடுக்க வேண்டும். "சில்லென்று இருக்கிற பேனாவை யாரும் தன்னுடையது என்று நினைக்க மாட்டார்கள், பாடிபு" என்பார். அவர் கையோ பனிக்கட்டி. வைகாசி வெயிலிலும் சில்லிட்டிருக்கும். அதனால் இந்த வேலை எப்போதும் என் தலையில்தான்.

இன்னொரு வழக்கம் இருந்தது. ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க வராத பேனாக்களை அவர் பின்னறையில் ஒரு இழுப்பறையில் போடுவார். நான் கழுவித் துடைத்து, ஒரு சொட்டு மை இல்லாமல் காய வைத்த பிறகு, பெயர் எழுதிய சீட்டை அவிழ்த்துவிட்டுத்தான் உள்ளே வைப்பார். மாசியையொட்டி இங்கே சரஸ்வதி பூஜை வரும். அன்று யாரும் பேனாவைத் தொட மாட்டார்கள், எழுதுவது பாவம். அந்த இழுப்பறையை அப்படியே உருவி அம்மன் காலடியில் வைப்பார். இரண்டு பூஜை பார்த்தும் ஆள் வராத பேனாக்களிலிருந்துதான் நிப்போ மூடியோ எடுத்து வேறு பேனாவுக்குப் போடுவார். அதுவும் சும்மா எடுக்க மாட்டார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரில் ஆள் நிற்பது போல, "இதை நான் எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பார். சற்றுப் பொறுப்பார். பிறகு எடுப்பார். சில பேனாக்களை எடுக்காமல் திரும்ப வைத்ததையும் பார்த்திருக்கிறேன்.

நான் தாணுமாலயனைக் கும்பிடுகிறவள். இதற்கெல்லாம் அசர மாட்டேன். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் அந்த இழுப்பறையைத் திறந்தால் ஈர மை வாசனை வரும், யாரோ இப்போதுதான் எழுதி முடித்து வைத்தது போல. ஒவ்வொன்றையும் கழுவிக் காயவைத்தவள் நான். உள்ளே மை கிடையாது என்று எனக்குத் தெரியும். அதனால் அதை அதிகம் திறக்காமல் பார்த்துக்கொண்டேன்.

பெருந்தொற்று வந்து கடையை மூடச் சொன்ன அந்த வருடம் இழுப்பறை நிரம்பி வழிந்தது. கடையைத் திறந்த பிறகு நான் ரசீதுப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். சில எண்கள் அடித்துக்கொண்டே இருந்தன. சில எண்களில் வேறு யாரோ எடுத்து, பேனாவா, என்ன பேனா என்று கேட்டுவிட்டு அழுதார்கள். அதற்குப் பிறகு போன் செய்வதை நிறுத்திவிட்டேன்.

அந்தப் பேனாக்கள் இரண்டாவது சரஸ்வதி பூஜையைப் பார்த்த அடுத்த வாரம் ராமநாதன் சார் கடைக்கு வந்தார்.

லேக் கார்டன்ஸில் வீடு. வங்கியில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது, வாய் கோணி, பேசுவது யாருக்கும் புரியவில்லை. புத்தி மட்டும் கத்தி மாதிரி தெளிவு. ஜாதவ்பூரில் பாடம் சொல்லிக்கொடுக்கும் மகள் ஜெயா கைத்தாங்கலாக அழைத்து வந்தாள்.

"மாமி, அப்பாவுக்கு இனிமே எழுத்துதான் பேச்சு. இடது கையால எழுதிப் பழகறார். பால் பேனாவை அழுத்த முடியலை, ஜெல் பேனா நழுவிடறது. ஃபவுண்டன் பேனான்னா அழுத்தாமலே ஓடும்னு டாக்டர் சொல்றார். விலை கம்மியா பாருங்கோ, தினம் நாலு தடவை கீழ போடுவார்."

கீழே விழும் என்றால் உலோகம்தான். அவர் கை நடுக்கத்துக்கும் கொஞ்சம் கனம் வேண்டும். கனமான கரண்டி சிந்தாது என்பார்களே, அது போல. மரை போட்ட மூடி ஒற்றைக் கையால் திறக்க வராது, கட்டை விரலால் நெம்பினால் கழலும் மூடி வேண்டும். இப்படிக் கழித்துக் கழித்து, சொரசொரப்பான கழுத்துள்ள ஒரு கறுப்பு எஃகுப் பேனாவில் வந்து நின்றோம். அந்த வாரக் காய்கறிச் செலவுக்குள் அடங்கும் விலை. பிடித்தார். எழுதினார். நிப் தாளைக் கிழித்தது.

இடது கைக்காரர்களின் தொல்லை அது. நாம் நிப்பை இழுக்கிறோம், அவர்கள் தள்ளுகிறார்கள். புது நிப் முரண்டு பிடிக்கும். அவர் முகம் சுருங்கிப்போனது. பேனாவை மேசையில் வைத்துவிட்டார். அன்று அவர் வெறுங்கையோடு போயிருந்தால் திரும்ப எழுதியிருக்கவே மாட்டார் என்பது என் எண்ணம்.

"கொஞ்சம் பொறுங்கள்" என்று மல்லிக் பாபு அந்தப் பேனாவோடு பின்னறைக்குப் போனார். ஜெயாவுக்குக் கல்லூரியிலிருந்து போன் வந்தது. தெருச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நடைபாதைக்கு இறங்கிப் போய்ப் பேசிக்கொண்டிருந்தாள்.

மல்லிக் பாபு திரும்பி வந்து பேனாவை என்னிடம் கொடுத்தார். குளிர்காலம்; பொத்திச் சூடாக்கலாம் என்று வாங்கினேன். அது ஏற்கெனவே சூடாக இருந்தது. நெடுநேரம் எழுதிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து வாங்கியது போன்ற சூடு. முதலாளியின் கைச்சூடு என்று நினைத்துக்கொண்டேன். அவர் கை எப்படிப்பட்டது என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

ராமநாதன் சார் எழுதினார். முதல் எழுத்தில் பேனா அவர் விரலுக்குள் மெல்லத் திரும்பியது. பிறகு வெண்ணெயில் கத்தி இறங்குவது போல ஓடியது. ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்தினார். தாளைப் பார்த்தார். மெதுவாகத் தலையைத் திருப்பி, தன் இடது பக்கம் காலியாகக் கிடந்த ஸ்டூலைப் பார்த்தார். யாராவது வந்து உட்கார்ந்தால் திரும்பிப் பார்ப்போமே, அப்படி.

"தண்ணி வேணுமா சார்?" என்றேன்.

வேண்டாம் என்று தலையசைத்து, 'இதுதான்' என்று எழுதிக் காட்டினார். எழுதிப் பார்த்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. சந்தோஷத்தில் எடுத்துப் போகிறார் என்று விட்டுவிட்டேன்.

சிவராத்திரி கழிந்து வெயில் ஏறத் தொடங்கியபோது ஜெயா தனியாக வந்தாள். கைக்குட்டையில் சுற்றிய பேனாவைக் கவுன்டரில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இதை வாங்கிண்டு வேற ஏதாவது குடுங்கோ மாமி."

"எழுதலையாம்மா?"

"நன்னா எழுதறது. அது அப்பா எழுத்து இல்லை."

"இடது கை எழுத்து வேற மாதிரித்தான் இருக்கும்."

"அது எங்கம்மா எழுத்து."

அவள் அம்மா பெருந்தொற்றில் போனவர் என்பதை அப்போதுதான் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குள் விடவில்லை, முகம்கூடப் பார்க்கவில்லை. அம்மா இடது கைக்காரி. போனில் இரண்டு படங்களைக் காட்டினாள். ஒன்று சமையலறை டப்பாக்களில் அம்மா எழுதி ஒட்டிய 'துவரம்பருப்பு', 'கடுகு'. மற்றது போன வாரம் அப்பா எழுதிய 'கதவைச் சாத்து'. ஒரே சாய்வு. ஒரே மாதிரி வால் நீண்ட 'து'. நாற்பது வருடமாக ஆயிரம் பேர் எழுதிப் பார்ப்பதைப் பார்த்தவள் நான். இரண்டும் ஒரு கை எழுதியவை என்று சத்தியம் செய்திருப்பேன்.

"காலேஜ்லேர்ந்து வரேன். அப்பா தூங்கிண்டு இருக்கார். டேபிள்ல பேப்பர் கிடக்கு. அம்மா கையெழுத்துல 'சாப்பிட்டியா'ன்னு இருக்கு. எப்படி இருக்கும் எனக்கு? இப்பெல்லாம் அவர் எழுதறதை நான் படிக்கறதில்லை. முகத்தைத் திருப்பிக்கறேன். அவர் கரண்டியால டேபிளைத் தட்டறார். வேற பேனா குடுத்தா வெறும் கிறுக்கல். என்ன வேணும்னே புரியலை. பாவம் மாமி அவர், ஆனா என்னால முடியலை."

அவள் அழுதது அப்பாவை நினைத்தா, அம்மாவை நினைத்தா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தப் பேனா போனால் அந்த மனிதருக்கு வாய் இல்லை. இருந்தால் மகளுக்குக் காது இல்லை. நான் மல்லிக் பாபுவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. எழுந்து உள்ளே போய் ஒரு பேனாவோடு வந்து, ஜெயாவின் முன்னால் வைத்தார்.

நிப் இல்லாத பேனா. அரக்கு நிற பிளாஸ்டிக் உடம்பு. மூடியின் நுனி முழுக்கப் பல் தடம்.

ஜெயா அந்த மூடியை விரல் நுனியால் தொட்டாள். "அம்மா யோசிக்கறபோது கடிப்பா" என்றாள். குரல் குழந்தைக் குரலாகிவிட்டது. "இது காணோம்னு வீடெல்லாம் தேடினோம். அவளோட ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்னு."

பெருந்தொற்றுக்காகக் கடையை மூடுவதற்குச் சற்று முன்னால், சணல் பையோடு வேகமாக வந்து, மை கசிகிறது என்று கொடுத்த ஒரு தமிழ் அம்மாள் நினைவுக்கு வந்தார். அவசரமில்லை, மெதுவா பண்ணுங்கோ என்று சிரித்துவிட்டுப் போனவர்.

"இடது கை பழக்கிய நிப் இழுப்பறையில் அது ஒன்றுதான் இருந்தது" என்றார் மல்லிக் பாபு. "யாருடையது என்று எனக்குத் தெரியாது. கேட்டுத்தான் எடுத்தேன்."

"யார்கிட்ட?" என்றாள் ஜெயா வங்காளியில்.

"அவரிடம்தான்."

"அம்மா என்ன சொன்னா?"

"மறுக்கவில்லை."

நான் பதறிப்போய்க் குறுக்கே புகுந்தேன். பயப்பட ஒன்றுமில்லை, இது தொழில் விஷயம் என்றேன். ஒருவர் வருடக்கணக்கில் எழுதினால் நிப்பின் நுனி அவர் சாய்வுக்குத் தேய்ந்துவிடும். அந்தச் சாய்வில் பிடித்தால்தான் ஓடும், மாற்றிப் பிடித்தால் கீறும். பழகாத கை நிப்பின் வழிக்குத்தான் போகும். எழுத்தும் அவர் எழுத்து மாதிரி வந்துவிடும். அவ்வளவுதான்.

ஜெயா பொறுமையாகக் கேட்டாள். படித்தவள், நான் சொன்னது புரிந்தது.

"எழுத்து சரி மாமி. வார்த்தை? எங்கப்பா என்னை ஒரு நாள் 'சாப்பிட்டியா'ன்னு கேட்டதில்லை. பிறந்ததுலேர்ந்து. ஒரு நாள்."

நான் கைக்குட்டையை அவிழ்த்து நிப்பின் நுனியைப் பார்த்தேன்.

மல்லிக் பாபு சொன்னார்: "நிப்பை நான் தேய்த்துச் சமமாக்கிவிட முடியும். அவர் சாய்வு போய்விடும். ஆனால் எழுதுகிறவரைக் கேட்காமல் செய்ய மாட்டேன். அழைத்துக்கொண்டு வா."

மறுநாள் டாக்ஸியில் வந்தார்கள். ராமநாதன் சார் அதே இடத்தில் உட்கார்ந்தார். ஜெயா அரக்குப் பேனாவை அவர் முன் வைத்தாள். அவர் திடுக்கிடவில்லை. மூடியை எடுத்துக் கட்டை விரலால் பல் தடத்தைத் தடவினார், தினமும் செய்கிறவர் போல.

"உங்களுக்குத் தெரியுமா அப்பா?"

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்துப் பிரித்தார். முதல் நாள் எங்கள் கவுன்டரில் எழுதிப் பார்த்தது. வேர்வை பட்டு மை கலங்கியிருந்தது. முதல் வரியில் இருந்தது அவர் பெயர்தான். எழுத்து அவர் மனைவியுடையது.

"தெரிஞ்சே வெச்சுண்டு இருக்கேளா!" என்று ஜெயா கோபத்தில் வெடித்தாள். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நான் பயந்து சாகறேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கோ. அன்னிக்குச் சாப்பிட்டியான்னு கேட்டது நீங்களா, அம்மாவா?"

நான் கறுப்புப் பேனாவை எடுத்துப் பொத்தினேன். அது தேவைப்படவில்லை, சூடாகத்தான் இருந்தது. அவரிடம் கொடுத்தேன். அவர் கை நடுங்கியது. நிப் தாளைத் தொட்டதும் நடுக்கம் நின்றது. வால் நீண்ட, சாய்ந்த எழுத்தில் அவர் எழுதியதை நான் தலைகீழாகப் படித்தேன்.

'யார் கேட்டா என்ன? பதில் சொல்லு.'

ஜெயா அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே டிராம் கம்பிக்குக் கீழே யாரோ சேலைக்குப் பேரம் பேசும் சத்தம் கேட்டது. அவள் உதடு கோணியது. சிரிக்கிறாளா என்று நினைத்தேன்.

"இல்லை" என்றாள் மெல்ல. "இன்னும் சாப்பிடலை."

அவர் காலி ஸ்டூலை நகர்த்தி மகளை உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். அவள் உட்காரப் போனவள், ஒரு கணம் தயங்கி, கொஞ்சம் ஓரமாக உட்கார்ந்தாள். இன்னொருவருக்கு இடம் விட்டது போல. நிப்பை யாரும் தேய்க்கவில்லை. அரக்குப் பேனாவையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ராமநாதன் சார் அதற்கப்புறம் சில வருடங்கள் இருந்தார். கடைசிவரை எழுத்தில் பேசினார் என்றும், ரசத்தில் உப்பு போதவில்லை என்றுகூட எழுதினார் என்றும் ஜெயா ஒரு முறை சொன்னாள். அவர் போன பிறகு நானும் ஓய்வு பெற்றேன்.

இந்தப் பொங்கலுக்கு முந்தின நாள் தமிழ் மளிகைக் கடையில் ஜெயாவைப் பார்த்தேன். நல்ல கூட்டம். கல்லாவின் ஓரத்தில் குனிந்து, வேண்டிய சாமான்களைத் துண்டுத் தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். கையில் அந்தக் கறுப்புப் பேனா. இடது கையில் இருந்தது.

"நீ வலது கைதானேம்மா?" என்றேன்.

"மத்ததுக்கெல்லாம் வலதுதான் மாமி" என்றாள், நிமிராமல். "இதுக்கு அது ஒத்துக்க மாட்டேங்கறது."

தாளைக் கல்லாவில் இருந்த பெரியவரிடம் நீட்டினாள். வயதானவர், ஞாபகம் கொஞ்சம் முன்னே பின்னே. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அவளைத் தாண்டி வாசலை எட்டிப் பார்த்தார்.

"அம்மா ஏன் வெயில்ல நிக்கறாங்க? உள்ளே வந்து உட்காரச் சொல்லும்மா."

ஜெயா பேனாவை மூடினாள். அவள் முகத்தில் பயம் இல்லை.

"வருவா. நீங்க பெருங்காயத்தை மட்டும் கட்டியா குடுங்கோ. அவளுக்குப் பொடி பிடிக்காது."

பெரியவர் பொடி டப்பாவைத் திரும்ப வைத்துவிட்டுக் கட்டியைத் தேடினார். நான் வாசலைத் திரும்பிப் பார்க்காமல் என் சாமானை வாங்கிக்கொண்டு, பக்கத்து வழியாக இறங்கி வந்துவிட்டேன்.